மேற்குப் பார்த்த திண்ணையில் மறுபடி உட்கார என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கம் கழனிக்கு நடுவே தாத்தா கட்டிய வீடு. மேற்குப் பார்த்த வாசல், கதவுக்கு இரண்டு புறமும் திண்ணை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதன் முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்கி, தரைக்கு வழவழ டைல்ஸ் ஒட்டி, மூன்று பக்கமும் கிரில் அடைத்திருக்கிறீர்கள். இப்போது வெளிநாட்டுப் பண்ணை வீட்டுப் படங்களைப் பார்த்து வெள்ளை மரக் கிராதி, ஊஞ்சல், சோபா, தொட்டிச் செடி என்று ஒன்றரை லட்சத்துக்குள் மாற்ற ஆசைப்படுகிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது: அப்பா சாயங்காலமானால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார், அம்மா உள்ளேயே இருக்கிறார், இங்கே யாரும் உட்காருவதில்லை. அதாவது, எப்படி அழகுபடுத்துவது என்பதைவிட ஏன் அங்கே உட்கார முடியவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

வேலூர், ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளையும் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளையும் பழுதுபார்ப்பது என் தொழில். இந்த மாதிரி வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். திண்ணையைக் கெடுத்தது வீட்டின் வயதாக இருக்காது, பின்னால் செய்த 'வசதி' வேலைகளாக இருக்கும். அதனால் எதைச் சேர்ப்பது என்று யோசிக்கும் முன் எதை எடுப்பது என்று பாருங்கள். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் போகும். சோபா வாங்கும் காசு மிஞ்சாது. மிஞ்சவும் வேண்டாம்.

முதல் குற்றவாளி வெயில். நம் ஊர் ஏறக்குறைய 12.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை நடுவில், அதாவது ஏப்ரல் 25 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் 18 வாக்கு வரை உச்சி வேளையில் சற்று வடக்கே நிற்கிறது. உச்சி வெயிலைக் கூரை தடுத்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. தொல்லை சாயங்கால வெயில்தான். மே நடுவில் மாலை 5 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். 7 அடி உயரத்தில் உள்ள கூரை விளிம்பு அந்த நேரத்தில் தரை முழுவதும் நிழல் தர வேண்டுமென்றால் அது 19 அடி வெளியே நீள வேண்டும். யாரும் அப்படிக் கட்ட முடியாது. ஆகவே மேற்கு வாசலுக்குக் கூரையை நீட்டுவது வீண் செலவு, மேலிருந்து கீழே தொங்கும் மறைப்புதான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இது கணக்கு.

இன்னொன்றும் உண்டு. கோடையில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, சுமார் 20 டிகிரி வடக்கே ஒதுங்கி மறைகிறது. வாசலில் வெளியே பார்த்து நின்றால் உங்கள் வலது கைப் பக்கம். அந்தப் பக்கத்துக் கிரிலைத் தாண்டி வெயில் குறுக்கே வந்து இடது கைத் திண்ணையில் விழும். நீங்கள் அனுப்பிய வீட்டுப் படத்தில் இடது திண்ணையின் பின்சுவர்ப் பெயிண்ட் மட்டும் வெளுத்திருப்பதைக் கவனித்தேன். அந்தச் சுவர் மத்தியானம் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணி வரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். உங்கள் அப்பா எழுந்து போவதற்கு இது ஒன்றே போதும்.

தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேறு. மெல்லிசாக இருப்பதால் வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். அதை எடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அந்த ஷீட்டின் தூசியில் இருக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும். சுத்தியலால் உடைத்து இறக்க விடாதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கி போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். துணியை முகத்தில் கட்டிக்கொள்வது போதாது, நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் அன்று அங்கே இருக்க வேண்டாம். உடைந்த துண்டுகளைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வையுங்கள், வரப்பிலும் கிணற்று மேட்டிலும் கொட்டாதீர்கள். மாட்டுக் கொட்டாய்க்கு உதவுமே என்று அறுத்துப் பொருத்தவும் வேண்டாம். அறுக்கும்போதுதான் தூசி அதிகம்.

அதற்குப் பதில் என்ன போடலாம்? இரும்புக் குழாயில் சட்டம் செய்து அதன்மேல் சீமை ஓடு போடுவது நிலையான வழி. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல ஓடு கிடைக்கும். ஓட்டைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலித்தால் எடுங்கள், மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கும். சரிவு போதாவிட்டால் ஐப்பசி மழையில் காற்று தண்ணீரை ஓட்டுக்கு அடியில் தள்ளும், ஆகவே இரண்டு அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் வையுங்கள். குரங்கு வரும் ஊரென்றால், மலையடிவாரக் கிராமங்களில் அது சாதாரணம், ஓரத்து இரண்டு வரிசையையாவது கம்பியால் கட்டிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாதாமாதம் ஓடு மாற்ற ஆள் தேடுவீர்கள். கையைக் கடிக்காத வழி வேண்டுமென்றால் கீற்றுப் பந்தல். தென்னங்கீற்று ஓரிரு வருடம் தாங்கும், பனையோலை அதற்கு மேலும் நிற்கும். குளிர்ச்சியில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் தீப்பிடிக்கும். அடுப்பு அருகில் இருந்தாலோ கோயில் திருவிழாவுக்கு வாணம் விடும் தெருவென்றாலோ வேண்டாம். எதைப் போட்டாலும் புதுக் கூரையின் பாரம் பழைய சுவரில் விழாதபடி தனிக் கால்களில் நிற்கட்டும். உங்கள் வீட்டின் முன்சுவர் செம்மண் சாந்தில் கட்டியதா சுண்ணாம்பில் கட்டியதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மூலையில் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மண் சாந்து என்றால் அதில் ஆங்கர் போல்ட் அடிக்கவே கூடாது.

மறைப்புக்கு வருகிறேன். மூங்கில் தட்டியைச் சுருட்டி இறக்குவதுபோல மேற்கு முகம் முழுவதும், அப்புறம் வலது பக்கமும் போடுங்கள். மூன்று மணிக்கு இறக்கி ஆறரைக்குச் சுருட்டினால் போதும். சுவரில் வெயில் படாமல் தடுப்பதுதான் முக்கியம், ஆள் உட்காரும் நேரத்துக்கு இறக்கினால் பயனில்லை. வெட்டிவேர் தட்டி இன்னும் உசத்தி. நம் பக்கம் கோடை மத்தியானத்தில் காற்று காய்ந்திருப்பதால் தட்டியில் தண்ணீர் தெளித்தால் நன்றாகவே குளிரும், கடலோர ஊர்களில் அவ்வளவு குளிராது. ராத்திரியில் காயவிட வேண்டும், எப்போதும் ஈரமாக வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். கொடி ஏற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றலாம், ஆனால் அவரைப் பந்தலை நம்பாதீர்கள். ஆடியில் விதைத்து மாசிக்குள் ஓய்ந்துவிடும், உங்களுக்கு நிழல் வேண்டிய சித்திரையில் வெறும் குச்சிதான் மிஞ்சும். இரங்கூன் மல்லி போன்ற நிரந்தரக் கொடி நல்லது. சுவரில் ஏற விடாமல் இரண்டடி தள்ளிக் கம்பி கட்டி ஏற்றுங்கள், இடையில் காற்று ஓட வேண்டும். பொறுமை இருந்தால் மேற்கே இருபது அடி தள்ளி ஒரு புங்கன் வையுங்கள். மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, வெயில் கடுமையாகும் நேரத்துக்குத் தளிர்விட்டு அடர்ந்துவிடும். அரசும் ஆலும் வீட்டோரம் வேண்டாம்.

வாசலுக்கு முன்னால் சிமெண்ட் களம் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். மேற்கு வாசலுக்கு முன்னால் இருபதடி சிமெண்ட் போட்டால், தட்டி எவ்வளவு போட்டாலும் சாயங்காலம் அந்தச் சூடு காற்றோடு உள்ளே வரும். மல்லாட்டை (நிலக்கடலை) காயவைக்கக் களம் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னாலோ கிழக்கிலோ போடுங்கள். வாசல் மண்ணாகவே இருக்கட்டும். சாணம் தெளித்துக் கோலம் போடலாம், மழைத் தண்ணீர் உறிஞ்சும். இதில் சூடு மட்டும் பிரச்சினை இல்லை. உங்கள் இடது சுவரின் அடியில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து உப்புப் பூத்திருக்கிறது. அது ஓதம், சுவரில் ஊறி ஏறும் ஈரம். சுற்றிலும் தரையை மேடாக்கியதால் தண்ணீர் அடித்தளத்தின் பக்கம் தேங்குகிறது என்பது என் ஊகம். ஊகம்தான், பழைய குழாய்க் கசிவாகவும் இருக்கலாம். மழை நின்ற மறுநாள் போய்ப் பார்த்தால் தெரியும். தரை மேடுதான் காரணமென்றால் வெட்டி இறக்கி, வீட்டை விட்டு வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள்.

ஓதத்தை மூடுவதற்கு இப்போது எல்லாரும் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடிக்கிறார்கள். பழைய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும், இரண்டு மழைக்காலத்தில் பூச்சே பாளம் பாளமாக விழும். உரியும் இடத்தைச் செங்கல் வரை தட்டி எடுத்துவிட்டு, காயவிட்டு, சுண்ணாம்புக் கலவையில் பூசி வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளையாகும் என்று அம்மா சொல்வார், சொல்வது சரி. அதனால்தான் திண்ணைச் சுவரில் சாயும் உயரம் வரை அந்தச் சுண்ணாம்புக் கலவையிலேயே ரெட் ஆக்சைடு என்னும் சிவப்புத் தூளைச் சேர்த்துத் தேய்த்து, அதற்குமேல் வெள்ளை அடிப்பது நல்லது. விளக்கு மாடம் இருந்தால் அடைத்துவிடாதீர்கள்.

தரைக்குப் போவோம். டைல்ஸுக்கு அடியில் தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு தரை இருக்கிறது, அதை மீட்க முடியுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் முடியாது. டைல்ஸ் பிடிக்க வேண்டுமென்று பழைய தரையைக் கொத்திவிட்டுத்தான் ஒட்டுவார்கள். ஒரு மூலையில் ஒரு டைலை மட்டும் பெயர்த்துப் பாருங்கள். அடியில் கொத்துத் தழும்பு தெரிந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். அந்தத் தரையில் ஒட்டுப் போட்டால் நிறம் ஒருநாளும் சேராது.

புதிதாகச் செய்யும்போது திண்ணை மேல்பரப்புக்கு ரெட் ஆக்சைடு, நடக்கும் தரைக்கு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெருகேறிய ஆக்சைடு தரை ஈரத்தில் வழுக்கும், எழுபது வயதில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடைக்குச் சொரசொரப்பான கிரானைட் பலகையோ, பாலிஷ் போடாத மண் ஓடோ சரி. கடப்பா கல் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் கறுப்பு. மேற்கு வெயில் படும் இடத்தில் கால் வைக்க முடியாது. தரைக்கு வாசல் பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் கொடுங்கள், சாரல் தண்ணீர் தானே வடிந்துவிடும்.

ஆக்சைடு வேலை தெரிந்த மேஸ்திரிகள் குறைந்துவிட்டார்கள். தெரியும் என்று சொல்பவரிடம் முதலில் ஒரு சதுர அடி மாதிரி போடச் சொல்லிப் பாருங்கள். சிமெண்டும் ஆக்சைடு தூளும் தண்ணீர் ஊற்றும் முன்பே உலர்ந்த நிலையில் சலித்துக் கலந்திருக்க வேண்டும், ஒரே அளவில் மொத்தத்துக்கும் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதி வேலையில் மறுபடி கலந்தால் நிறம் மாறும். மேலே தூளைத் தூவித் தேய்ப்பவரை அனுப்பிவிடுங்கள். நீளமான திண்ணை என்றால் மூன்றடிக்கு ஒரு கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள், விரிசல் வந்தாலும் அந்தக் கோட்டோடு போகும். மறுநாள் முதல் ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள், தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே வந்தால் மெருகு தானே ஏறும்.

திண்ணையின் உயரத்தை அளந்து பாருங்கள். பழைய திண்ணைகள் சில இரண்டரை அடி வரை இருக்கும், ஏறி உட்கார்ந்தால் கால் தொங்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 17, 18 அங்குலம்தான் வசதி. திண்ணையை இடிக்க வேண்டாம், அதன் அடியில் நீளமாக ஒரு கல் படி வைத்தால் கால் ஊன்றிக்கொள்ளலாம். வாசல் படிகள் ஒவ்வொன்றும் ஆறு அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது, ஒரு பக்கம் கைப்பிடிக் குழாய் கட்டாயம். திண்ணையின் அகலம் இரண்டரை அடிக்கு மேல் இருந்தால் மத்தியானம் படுக்கலாம். ஒரு முனையில் தலை வைக்கச் சாய்வாக மேடு கட்டும் வழக்கம் உண்டு, ஆக்சைடு போடும்போதே அதையும் செய்துகொள்ளுங்கள், செலவு ஒன்றும் பெரிதாகாது.

மரத்தூண் இரண்டில் ஒன்று அடியில் இற்றிருப்பதாகத் தெரிகிறது. கரையானா, ஈரமா என்று கத்தியால் குத்திப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எப்படியானாலும் தூணை மாற்ற வேண்டியதில்லை. மேலே ஜாக்கி கொடுத்துத் தாங்கி, இற்ற அடிப்பகுதியை அறுத்துவிட்டு, கருங்கல் கட்டையை வைத்து அதன்மேல் நிறுத்துவது ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் தெரிந்த வேலைதான். ஆனால் அனுபவம் இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள், மேலே உத்திரம் இருக்கிறது. எனாமல் பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் தேக்கின் நிறம் வெளியே வரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

கிரில் விஷயத்தில் உங்களோடு நான் கொஞ்சம் சண்டை போடுவேன். அழகு கெடுகிறது, எடுத்துவிடலாம் என்கிறீர்கள். கழனி நடுவில் இரண்டு வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு அது. குரங்கு, நாய், திருட்டுப் பயம் எல்லாம் உண்மை. அம்மாவைக் கேட்காமல் கிரிலைத் தொடாதீர்கள். மேற்கு முகத்தை மட்டும் முழுதாகத் திறந்து மடிக்கும்படி வெல்டிங் பட்டறையில் மாற்றித் தரச் சொன்னால், பகலில் திறந்தும் ராத்திரி பூட்டியும் வைக்கலாம். கிரில் முழுவதும் கொசுவலை அடிப்பதை நான் விரும்புவதில்லை, காற்று பாதியாகக் குறைந்துவிடும். அதைவிடத் தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுவதில் பலன் அதிகம். டெங்கு பரப்பும் கொசு அந்த மாதிரிச் சின்னத் தண்ணீரில்தான் வளர்கிறது. தொட்டிகளைச் சுவரோடு நெருக்கி அடுக்காதீர்கள், பின்னால் பாம்பு சுருண்டுகொள்ளும். விறகையும் உரச் சாக்கையும் அங்கே வைப்பதும் அதே கதைதான்.

விளக்குக்கு மஞ்சள் ஒளி தரும் எல்இடி வாங்குங்கள், பெட்டியில் 2700 அல்லது 3000 கே என்று போட்டிருக்கும். வெள்ளை வெளேரென்ற விளக்கைவிட அதற்குப் பூச்சி குறைவாக வரும். மழை விட்ட ராத்திரி ஈசல் வந்தால் எதுவும் செய்ய முடியாது, அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். சாரல் படும் இடம் என்பதால் ஃபேனுக்கும் விளக்குக்கும் போகும் லைனில் மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள்.

வெள்ளை மரக் கிராதி வேண்டாம். படத்தில் இருக்கும் அமெரிக்க வீடுகளில் முன்வாசல் தரையே மரம், அடியில் காற்று போகும். இங்கே மண்ணைத் தொட்டு நிற்கும் மலிவு மரத்தைக் கரையான் தின்றுவிடும். அந்தப் படங்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் முன்வாசல் விதானத்துக்கு வெளிர் நீலம் அடிக்கும் பழைய வழக்கம் இருக்கிறது. ஓட்டுக்கு அடியில் பலகை அடித்தால் நீங்களும் அப்படி வெளிர் நிறம் அடிக்கலாம், இடம் வெளிச்சமாக இருக்கும். ஊஞ்சல் வேண்டுமென்றால் புது இரும்புச் சட்டத்தில், வெல்டர் அதற்கென்று தனிக் குறுக்குக் குழாய் கொடுத்தால் மட்டும் மாட்டுங்கள், பழைய உத்திரத்தில் கொக்கி அடிக்க வேண்டாம். ஆடும்போது பாரம் ஆள் எடையைவிடக் கூடும். அதுவும் பேரப்பிள்ளைகளுக்குத்தான் உதவும், எழுந்திருக்கும்போது பின்னால் நகரும் இருக்கை வயதானவர்களுக்கு ஆகாது. சோபாவுக்குப் பதில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கயிற்றுக் கட்டில், திண்ணைக்கு அளவெடுத்து வாங்கிய வந்தவாசிக் கோரைப்பாய் போதும். தூசி தட்டலாம், மழை வந்தால் சுருட்டிக்கொண்டு உள்ளே போகலாம், அறுவடையில் மல்லாட்டை மூட்டை அடுக்க இடமும் இருக்கும்.

ஒன்றரை லட்சத்தில் ஷீட் இறக்கிக் கூரை மாற்றுவதற்கே பாதி போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஓதமும் பூச்சும், அதற்கடுத்து தரை, திண்ணை. பணம் போதாவிட்டால் கிரில் வேலையைத் தள்ளிப்போடுங்கள், தட்டியைத் தள்ளிப்போடாதீர்கள். பொங்கல் முடிந்து தையிலேயே ஆரம்பித்து பங்குனிக்குள் முடிப்பது நல்லது. கத்திரி வெயிலில் சுண்ணாம்பும் ஆக்சைடும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், ஐப்பசி, கார்த்திகையில் காயவே காயாது. இப்போதைக்குச் செலவில்லாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். இருக்கிற கிரிலில் மேற்கிலும் வலது பக்கத்திலும் பழைய கோணியையோ பச்சை வலையையோ ஒரு வாரம் மத்தியானம் முதல் கட்டிவிட்டு, ராத்திரி ஏழு மணிக்கு இடது திண்ணைச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். கட்டும் முன் ஒருநாளும் அதே நேரத்தில் தொட்டுப் பார்த்து வையுங்கள். வித்தியாசம் தெரிந்தால் தட்டிக்கு ஆர்டர் கொடுக்கலாம். தெரியவில்லை என்றால் சூடு பெரும்பாலும் ஷீட்டிலிருந்து வருகிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.